செல்வி என்று ஒரு தடவை

"வெற்றிக்கிண்ணத்தை வழங்கிவைக்க மேடைக்கு வருகிறார்... செல்வி ஜெனிற்றா!"

ஒலிபெருக்கி இப்படி அறிவித்ததும் மைதானம் முழுக்க ஒரு கணம் அடங்கிப்போனது. கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த மனுசன்கூட வாயை மூடிக்கொண்டார்.

குருநகர் ஒழுங்கைகளுக்குள் அமுங்கிக் கிடக்கும் பழைய மைதானம் அது. மூன்று பக்கமும் வீட்டு மதில்கள். நாலாம் பக்கம் சீமெந்துப் படிக்கட்டு. அதன் மேல் பாதி பறந்துபோன தகரக் கூரை. உதைபந்தாட்டப் போட்டி நாளென்றால் மதிலில் காலைத் தொங்கப்போட்டபடி பெடியள், மொட்டைமாடிகளில் குடையோடு பெண்கள், மூலைக் கொடிக்குப் பின்னால் கவிழ்த்துவைத்த வள்ளத்தின் மேலும் பத்துப்பேர். கோல் விழுந்தால் அடுப்படியில் நிற்கிறவளுக்கும் தெரியும். அவ்வளவு நெருக்கம்... அதற்குள் ஒரு பிழை விட்டால் எங்கே போய் ஒளிவது?

ஜெனிற்றா செல்வி இல்லை. ஊரறிய அவள் கனிசியஸின் மனைவி. எழுத்து மட்டும் நடந்த மனைவி. பதிவாளர் முன்னால் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். கோயில் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், நீலத்திரைக் கழகத்தின் கோல் காப்பாளன் கனிசியஸ் கடலுக்குப் போனான்... மூன்றாம் நாள் அவன் உடல்தான் கரைக்கு வந்தது. அவன் பெயரில் ஆண்டுதோறும் ஞாபகார்த்தக் கிண்ணம். ஆண்டுதோறும் அவள் வெள்ளைச் சேலையில் வந்து அதைக் கொடுக்கவேண்டும். இது நாலாவது வருசம். அவளுக்கு வயது இருபத்தேழு. ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழாதவனுக்கு வாழ்நாள் விதவை! என்ன நியாயமோ இது?

மேடையில் கனிசியஸின் தாய் லூர்த்தம்மா மகனின் படத்தை அணைத்துக்கொண்டு விம்மினாள். செயலாளர் நீக்கிலாப்பிள்ளை ஓடிப்போய் மைக்கைப் பறித்துத் திருத்தம் சொன்னார். ஜெனிற்றாவுக்கு? சொல்ல வெட்கம்தான்... ஒரு கணம், ஒரே ஒரு கணம், நெஞ்சுக்குள் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிக்காகவே பிறகு தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

பரிசளிப்பு முடிய மழை கொட்டியது. படிக்கட்டுக்குப் பின்னால், ஓட்டையில்லாத ஒரே ஒரு தகரத்துக்குக் கீழே ஒதுங்கினாள்.

"உங்களிட்டை மன்னிப்புக் கேக்கவேணும்..."

திரும்பினாள். முப்பது வயதிருக்கும். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பிழை செய்த பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நின்றான். அந்தக் கண்கள் மட்டும்... சிரிப்பை ஒளித்துவைக்கத் தெரியாத கண்கள்!

"நீங்கள்தானே அந்த அறிவிப்பாளர்?"

"ஓம். பிரகாஸ். நீர்வேலி. பேப்பரிலை ஜெனிற்றா எண்டு மட்டும்தான் எழுதிக் கிடந்தது. கழுத்திலை தாலியும் இல்லை... நான் என்னத்தைக் கண்டன்?"

"கழுத்தையெல்லாம் பாத்தனீங்களோ?"

"ஐயோ... மேடையிலை நிண்டா ஆரும் பாப்பினம்தானே!"

"நீர்வேலியிலை இதுதான் தொழிலோ?"

"வாழைத்தோட்டம். ஞாயிறிலை மட்டும்தான் இப்பிடிக் கத்துறது."

"அப்ப கிழமை முழுக்க வாழையளைச் செல்வி, திருமதி எண்டு கூப்பிட்டுப் பழகிறனீங்களாக்கும்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சட்டென்று குரல் தணிந்தது. "கிண்ணம் குடுக்கேக்கை கையைப் பாத்தனான். விரலெல்லாம் வெட்டுக்காயம்..."

"நண்டுக் கொம்பனியிலை வேலை. கோது உடைக்கிறது."

"நோகாதே?"

நாலு வருசமாக எல்லாரும் அவளைப் 'பாவம்' என்றார்கள். நோகுதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கண் கலங்கிவிட்டது... நல்லகாலம், முகம் முழுக்க மழைத்தண்ணீர்.

"பழகிப்போச்சு," என்றாள்.

பிழை விட்டாலும் அவனுடைய குரல் ஊருக்குப் பிடித்துவிட்டது. அதன்பிறகு ஞாயிறுதோறும் அவன்தான் அறிவிப்பாளர். படிக்கட்டின் உச்சியில் அவனுடைய மேசை. அங்கிருந்து பார்த்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் லூர்த்தம்மாவின் கொல்லை... கொடி... கொடியில் உடுப்புகள். ஜெனிற்றா மாமியோடுதான் இருந்தாள். அந்த வீட்டில் வேறு ஆளில்லை. கொடியில் முதலாவதாக எப்போதும் கனிசியஸின் ஒன்றாம் இலக்க ஜேர்சி தொங்கும். எவரும் போடாத ஜேர்சியை லூர்த்தம்மா கிழமைக்கொருமுறை தோய்த்துக் காயவைப்பாள்.

ஒரு ஞாயிறு, இடைவேளையில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"நீலத்திரை இரண்டு, விருந்தினர் ஒன்று... தெற்காலை இருட்டுது. கொடியிலை உடுப்புப் போட்டவை எடுத்துப்போடுங்கோ!"

மைதானமே கொல்லென்று சிரித்தது. ஜெனிற்றா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, முதலில் ஜேர்சியை, பிறகு மிச்சத்தை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தாள். தூரத்தில், உச்சிப்படியில், மைக்கும் கையுமாக அவன்... ஒரு பார்வை. அவ்வளவுதான். அடுத்த ஏழு நாளுக்கு அது போதுமாயிருந்தது!

இன்னொரு ஞாயிறு வானத்தில் ஒரு முகில் இல்லை. "மழை வரும்போல கிடக்கு..." என்றான்.

"தம்பி, வெய்யில் கொளுத்துது!" நீக்கிலாப்பிள்ளையின் சத்தமும் மைக்கில் கேட்டது.

"வரும் ஐயா. வராட்டி வரப்பண்ணுவம்."

அடுப்படியில் நின்ற ஜெனிற்றா தன்னை மறந்து சிரித்தாள். நாலு வருசத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. வாசலில் நின்று லூர்த்தம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

ஏசவில்லை, கத்தவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவு நல்லது! பக்கத்தில் வந்திருந்து மருமகளின் காயப்பட்ட விரல்களைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"அவன் நல்ல பெடியனாய் இருக்கலாம். நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா நீ போனா என்ரை பிள்ளை ரெண்டாந்தரம் செத்துப்போவான், ஜெனி. இந்த உலகத்திலை அவனுக்கெண்டு எழுத்திலை கிடக்கிறது நீ மட்டும்தான்..."

அடுத்த ஞாயிறிலிருந்து ஜெனிற்றா கொடியில் உடுப்புப் போடுவதை வெள்ளனவே முடித்துவிட்டு உள்ளே இருந்துகொண்டாள்.

ஐந்தாவது கிண்ணத்துக்கு ஒரு கிழமை இருக்கையில், நண்டுக் கொம்பனி வாசலில் பிரகாஸ் காத்துக்கொண்டு நின்றான். கண்ணில் அந்தச் சிரிப்பு இல்லை.

"கட்டாருக்கு விசா வந்திட்டுது. மூண்டு வருசம். கிண்ணத்துக்கு அடுத்த ஞாயிறு ஆறரைக்குப் பிளேன். எனக்குப் போக விருப்பமில்லை... நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், எல்லாத்தையும் கிழிச்சுப்போடுறன். கிண்ணத்தண்டைக்கு உங்களைச் செல்வி எண்டே கூப்பிடட்டே? முழு ஊருக்கும் முன்னாலை. பிறகு வாறதை நான் பாக்கிறன்."

"மாமி...?"

"அவவையும் பாப்பம். ஏன், நீர்வேலியிலை அவவுக்கு இருக்க இடமில்லையே?"

நெஞ்சு அப்படியே உருகியது. 'ஓம் எண்டு சொல்லு... சொல்லன்!' என்று உள்ளுக்குள் ஒருத்தி கெஞ்சினாள். லூர்த்தம்மாவின் முகம் குறுக்கே வந்து நின்றது.

"திருமதி எண்டே சொல்லுங்கோ."

அவன் முகம் கறுத்துப்போனது. "அப்பிடிச் சொன்னா நான் போயிடுவன் ஜெனிற்றா. அண்டைக்கு மழைக்குள்ளை உங்களுக்குத் தந்த போன் நம்பரையும் வெட்டிப்போடுவன். எனக்கும் ரோசம் இருக்கு."

"போங்கோ."

சொல்லிவிட்டாள்! அவளுக்கு மட்டும் ரோசம் இல்லையா? அன்றிலிருந்து அந்தக் கிழமை முழுக்கக் கோயிலில் முழங்காலில் நின்றாள். 'மாதாவே... நான் சொன்னதை அவர் கேக்கக்கூடாது.'

கிண்ணத்தன்று மதில்கள் தெரியாத அளவுக்குச் சனம். ஆட்டம் சமநிலை, தண்ட உதை வரை போனது. ஐந்தாவது உதையை நீலத்திரையின் காப்பாளன் பாய்ந்து பிடித்தபோது வெடி கொளுத்தினார்கள், சாரத்தைக் கழற்றிச் சுழற்றினார்கள், லூர்த்தம்மா மகனின் படத்தைத் தலைக்கு மேலே தூக்கிப்பிடித்து அழுதாள். ஜெனிற்றா இதொன்றையும் காணவில்லை. அவள் காது முழுக்க அந்த ஒலிபெருக்கியிலேயே கிடந்தது.

"வெற்றிக்கிண்ணத்தை வழங்கிவைக்க... வருகிறார்..."

குரல் நின்றது. மைக்கில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. அவள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள்... சொல்லுங்கோ... அண்டைக்கு மாதிரி...

"...அமரர் கனிசியஸின் துணைவியார்... திருமதி ஜெனிற்றா கனிசியஸ்."

கைதட்டல். அவள் எழும்பிப் போனாள், கொடுத்தாள், படம் எடுக்கிறவருக்குச் சிரித்தாள். முடிந்ததும் படிக்கட்டுக்குப் பின்னால் ஓடினாள். அவனும் இல்லை, அவனுடைய மோட்டார் சைக்கிளும் இல்லை. சொன்னதைக் கேட்கிற மனுசன்! கேட்கக்கூடாத நேரம் பார்த்துக் கேட்டுத் தொலைத்த மனுசன்!

அடுத்த ஞாயிறு மைதானத்தில் சிநேகபூர்வ ஆட்டம். புது அறிவிப்பாளர் கோல்களை மட்டும் சொன்னார். மணி ஆறு இருக்கும். தெற்கு இருண்டது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மழை சோவென்று கொட்ட, ஜெனிற்றா அடுப்படி வாசலில் நின்று கொடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பிள்ளை! உடுப்பெல்லாம் நனையுது... ஐயோ, ஜேர்சி! ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

"சொல்ல ஆளில்லை மாமி."

"என்ன?"

"மழை வருது எண்டு சொல்ல ஆளில்லை..." அவள் மாமியின் பக்கம் திரும்பினாள். "ஆறரைக்குப் பிளேன். எனக்கு அவரிலை விருப்பம் மாமி. சரியான விருப்பம். நான்தான் திருமதி எண்டு சொல்லச் சொன்னனான்... அவர் சொல்லக்கூடாது எண்டு மாதாவை மண்டாடினதும் நான்தான்."

லூர்த்தம்மா மழைக்குள் இறங்கினாள். ஜேர்சியைத் தாண்டிப் போனாள். மருமகள் வீட்டில் போடும் நீலச் சோட்டியை முதலில் எடுத்து, பிழிந்து, தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"போனை எடு. அவனுக்கு அடி."

அடித்தாள். "போன் நிப்பாட்டிக் கிடக்கு மாமி..."

"அப்ப அந்த மைக் படம் கிடக்கெல்லே, அதை அமத்திப் பிடிச்சுச் சொல்லு. பிரான்சிலை இருக்கிற தங்கச்சியோடை நான் அப்பிடித்தான் கதைக்கிறனான்."

"நம்பரை வெட்டிப்போடுவன் எண்டவர்."

"வெட்டினாலும் சொல்லு."

"மாமி... கனிசியஸ்...?"

"அவன் ஒருக்காத்தான் செத்தவன், பிள்ளை. நான்தான் ஒவ்வொரு வருசமும்..." முடிக்காமல் லூர்த்தம்மா ஈரச் சோட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெனிற்றா அமத்திப் பிடித்தாள். என்னவோ சொன்னாள்... மழை இரைச்சலில் தனக்கே கேட்கவில்லை. கையை எடுத்தாள். திரையில் ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது. அவனுக்குப் போய்ச் சேர்ந்ததென்று காட்டும் மற்றது விழவில்லை. மதிலுக்கு அப்பால் நீண்ட விசில் ஊதி ஆட்டத்தை முடித்தார்கள்.

"போச்சுதே?"

"இல்லை மாமி. நிக்குது..."

"அப்ப திரும்பச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லு."

மணி ஆறரை தாண்டிவிட்டது. ஜெனிற்றா வெட்டுக்காயம் பட்ட பெருவிரலால் அந்த மைக் படத்தை மறுபடி அமத்தினாள்.

"நான்... செல்வி ஜெனிற்றா கதைக்கிறன். எனக்கு உங்களிலை விருப்பம். இஞ்சை மழை பெய்யுது... கொடியிலை உடுப்பெல்லாம் நனைஞ்சுபோச்சு."