பல் பட்ட வயர்

லாரியின் ஃப்யூஸ் அத்தனையையும் பிடுங்கி சீட்டின் மேல் போட்டாயிற்று. அப்படியும் பேட்டரி முனைக்கும் அதிலிருந்து கழற்றிய வயருக்கும் நடுவே மாட்டியிருந்த டெஸ்ட் பல்பு மங்கலாக எரிந்துகொண்டுதான் இருந்தது. கரண்ட் எங்கோ போகிறது. போவதற்குத்தான் இடமே இல்லை.

எலக்ட்ரீஷியன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி காணாமல் போனதிலிருந்து அவருக்கு எதுவுமே உறைப்பதில்லை. இந்த லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன்தான். கதவுகள் உள்பக்கம் பூட்டியபடி, என்ஜின் ஓடியபடி, வண்டி மட்டும் சாலையோரம் நின்றது. வீடே கதறியது, அண்ணன்காரர் மரக்கட்டையாக நின்றார். நேற்று ஈயம் பற்றவைக்கும் கம்பி விரலைப் பொசுக்கியபோதுகூட நாற்றம் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"ஆச்சா மாமா?" ஷெட் வாசலில் தம்பி மனைவி. "வாங்குறவரு சாயங்காலம் வந்துடுவாரு."

"பேட்டரி தானா எறங்குதும்மா. விக்கத்தான் வேணுமா? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையா இருக்கு."

"எலின்னு தோணல மாமா. ராத்திரியெல்லாம் உள்ள என்னமோ கடிக்குது. அப்பா வந்துட்டாருன்னு பாப்பா எழுந்து ஓடுறா. இது போனாத்தான் நாங்க தூங்குவோம்."

அவள் வீட்டுக்குள் போனாள். அவர் ஸ்டியரிங்கின் அடியில் மல்லாந்து படுத்து, பழைய டீசலும் ரெக்ஸினும் காய்ந்த வியர்வையும் கலந்து அடித்த அந்த வாடைக்குள் தலையை நுழைத்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாய்த் தொங்கிய வயர்களை விரலாலேயே தடவித் தடவி விலக்கியபோது, கம்பெனி போடாத ஒரு கறுப்பு வயர் கையில் தட்டுப்பட்டது. பேட்டரியிலிருந்து நேராக வந்தது. ஃப்யூஸ் பக்கமே போகவில்லை. சாணுக்கு ஒரு ஒட்டு.

ஒரு ஒட்டின் டேப்பைப் பிரித்தார். பல் தடம். நடுவில் மட்டும் ஒரு கீற்று ரப்பர் கடிபடாமல் மிச்சம்.

தம்பிக்கு முன்பல் பாதி உடைந்திருக்கும். "கட்டர் எதுக்குடா வாங்கி வச்சிருக்கேன்?" என்று இவர் திட்டினால், "பல்லு கூடவே வருதுல்லண்ணே, தேட வேணாம்" என்பான். கடித்துச் சீவி நீட்டுவது அவன் வேலை, முறுக்குவது அண்ணன் வேலை.

அவன் எப்போதோ போட்டது என்று சொல்லிக்கொண்டார். வயரைப் பிடித்துக்கொண்டே போனார். சீட்டுக்கு அடியில், படுக்கைப் பலகைக்குப் பின்னால், கேபினின் பின்தகட்டில் விரல் நுழையும் துளை. வயர் அதற்குள் போயிற்று. இறங்கிப்போய் வெளியே பார்த்தார். கேபினுக்கும் பாரம் ஏற்றும் பெட்டிக்கும் நடுவே வெறும் ஒரு சாண் இடைவெளி. கைவிட்டுத் தடவினார். வழவழவென்ற தகடு. துளையே இல்லை.

திரும்பி உள்ளே ஏறினார். துளையோரத்துக் கடைசி ஒட்டுக்கு டேப் சுற்றவில்லை. தொட்டார்.

ஈரம்.

இழுத்தார். வயர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. மடியில் சுருண்டு விழுந்தது. பிறகு நின்றது.

அந்தப் பக்கமிருந்து யாரோ இழுத்தார்கள். மெதுவாக. இரண்டு தரம்.

பயம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. வெட்டினால் வேலை முடிந்தது, வண்டி போய்விடும், அவர்கள் தூங்குவார்கள். கட்டரை எடுத்து வெட்டினார். வெளியே பல்பு அணைந்தது.

வெட்டுப்பட்ட முனை ஊர்ந்து துளைக்குள் போயிற்று. உள்ளே ஒரு சத்தம். நறநறவென்று. எலி இல்லை.

முனை திரும்ப வெளியே வந்தது. செம்பு பளிச்சென்று தெரிந்தது. நடுவில் ஒரு கீற்று ரப்பர். எச்சில் சொட்டியது.

நீட்டியபடி நின்றது.

அப்போதுதான் விரல் எரிந்தது. நேற்றுப் பட்ட சூடு. தாங்க முடியாமல் எரிந்தது. கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"மாமா, ஆச்சா? அவரு வந்துட்டாரு."

அவர் வாயில் வயர் இருந்தது. தன் பக்கத்து முனையைக் கடித்துச் சீவி, துளைக்கு எதிரே குனிந்து, இரண்டையும் சேர்த்து முறுக்கத் தொடங்கினார். ஆடாமல் இருக்க அந்தப் பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

வெளியே பல்பு எரிந்தது.