முழுப்பெயர்

லிஃப்டில் ஏறிய மனிதர் எத்தனையாவது மாடி என்று கேட்கவில்லை. பெயரைக் கேட்டார்.

"அண்ணே, உங்க பேரு என்ன?"

காலை பதினொன்றரை மணி. யூக்லானும் அவள் கணவனும் விடுதியின் முப்பத்தோராவது மாடியிலிருந்து சாப்பிட இறங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஏறிய அந்த ஆளுக்கு அறுபது வயதிருக்கும். சாம்பல் நிறச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். பல வருஷம் பெட்டிக்குள் கிடந்த துணியைப் பிரித்தால் வருமே, அந்த அந்துருண்டை வாசனை. கண்ணாடிச் சுவரில் தெரிந்த தன் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. யூக்லானின் கணவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னையா? குண்டன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. வேணும்னா எடையும் சொல்றேன்" என்றான் அவன், வயிற்றைத் தட்டிக்கொண்டு.

அவர் சிரிக்கவில்லை. "அது இல்லண்ணே. முழுப்பேரு."

கதவு திறந்தது. யூக்லான் கணவனின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டாள்.

சீனக் கணக்கில் ஏழாம் மாதம் பாதி கடந்திருந்தது. அவர்கள் ஊரான ஹாங்காங்கில் தெருமுனைகளில் தகரப் பீப்பாய் வைத்துக் காகிதப் பணத்தையும் காகிதச் சட்டையையும் எரித்துக்கொண்டிருந்தார்கள். பசித்த ஆவிகள் வெளியே நடமாடும் மாதம். இந்த மாதத்தில் பொது இடத்தில் யாரையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால், முதலில் 'ஆ' என்று குரல் கொடுக்கிறவருக்கு அந்தப் பெயர் போய்விடும். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் சிரித்துவிட்டுத் தாங்களும் செல்லப்பெயரைத்தான் கூப்பிடுவார்கள். இதெல்லாம் தெரியாத ஊர்க்காரராக இருக்கும் என்று யூக்லான் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் அந்த ஆள் பேசியது சுத்தமான கான்டனீஸ், அவர்கள் ஊர் மொழி.

சூதாட்டத்துக்குப் பேர்போன மக்காவ் நகருக்கு வந்தது மகளின் ஏற்பாடு. இங்கிலாந்திலிருந்து அறையைப் பதிவு செய்துவிட்டுத்தான் போனில் சொன்னாள்: "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருந்து எவ்வளவு நாளாச்சு? போய்ட்டு வாங்க." உண்மைதான். அவனுக்கு இரவுப் பேருந்து ஓட்டும் வேலை, அவளுக்கு விடியற்காலைப் பள்ளிச் சமையல். இருபத்தாறு வருஷமாக ஒருவர் எழுந்த சூட்டில் இன்னொருவர் படுத்திருக்கிறார்கள். குறிப்பு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். நேற்று மதியம் இந்த ஊருக்கு வந்து, செயற்கைக் கால்வாயோரம் உட்கார்ந்து, சூடான பன்றிக்கறி பன்னை ஆளுக்குப் பாதியாகக் கடித்தபோதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. இந்த மனுஷனை அவளுக்குப் பிடித்திருந்தது. ஐம்பத்துமூன்று வயதில், கட்டிய கணவன் மேலேயே ஆசை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் பள்ளி வேலையை விட்டுவிடலாம் என்றுகூட அவள் முடிவு செய்திருந்தாள்.

கஞ்சிக்கடையில் உட்கார்ந்ததும் மறுபடியும் அந்துருண்டை வாசனை வந்தது. இரண்டு மேசை தள்ளி அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் கிண்ணமும் இல்லை, தேநீரும் இல்லை. பரிமாறும் பெண் அவரைச் சுற்றிக்கொண்டு போனாளே தவிர, என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

"அந்தாளு உன்னையே பாக்குறான்."

"என் அழகு அப்படி. நீதான் இத்தனை வருஷமா கவனிக்கல கிழவி" என்றான் அவன், வாய் நிறையக் கஞ்சியோடு. "பொறாமையா?"

"குண்டா, விளையாடாத. அவன் பேரு கேட்டா சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன். போதுமா? முட்டை டார்ட் ஒண்ணு உனக்கு, ரெண்டு எனக்கு."

சூதாட்டக் கூடத்தின் கூரையில் வானம் வரைந்திருந்தார்கள். எப்போதும் அந்தி, எப்போதும் அதே மேகம். ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. எங்கிருந்தோ பீய்ச்சும் இனிப்பு வாசனைத் திரவியமும், கம்பளம் உறிஞ்சிவைத்த பழைய சிகரெட் நெடியும், சில்லுகள் ஒன்றின்மேல் ஒன்று விழும் கிளிக் கிளிக் சத்தமும், வாய் பேசாமல் சீட்டின் ஓரத்தை மெல்ல மெல்ல மடித்துப் பார்க்கும் நூறு பேருடைய மூச்சும் சேர்ந்து, தண்ணீருக்கடியில் நடப்பது போலிருந்தது. அவன் ஒரு சின்ன மேசையில் இடம் பிடித்தான். கால்சட்டைப் பை இறுக்குகிறது என்று போனை எடுத்து அவள் கைப்பையில் போட்டான்.

"பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன். இங்கயே இரு" என்றாள்.

"எங்க போகப் போறேன்?"

அவள் திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அவனுடைய சில்லுகள் அடுக்கியபடி மேசைமேல் அப்படியே இருந்தன. பக்கத்தில் இருந்த கிழவர், சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "யாரோ வந்து தோளத் தட்டிக் கூட்டிட்டுப் போனாங்க."

யூக்லான் கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தோளில் இரண்டு, தலையில் ஒன்று, ஆளுக்கு மூன்று விளக்கு எரியும் என்பார்கள். சீட்டாடுகிறவன் தோளை விளையாட்டுக்குக்கூட யாரும் தொடுவதில்லை. தட்டினால் விளக்கு அணைந்து ஆவிக்கு வழி திறந்துவிடும்.

உதவி மேசையில் இருந்த பெண் அன்பாகவே கேட்டாள். "ஒலிபெருக்கில அறிவிச்சிடலாம் அக்கா. அவர் முழுப்பேரு சொல்லுங்க."

"பேரு வேண்டாம்மா. நீலக் கட்டம் போட்ட சட்டை, குண்டா இருப்பாருன்னு சொல்ல முடியுமா?"

"அப்படி அறிவிச்சா இங்க இருக்குறதுல பாதிப் பேரு வந்து நிப்பாங்க, அக்கா." சிரித்த பெண் அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "ஓ. இந்த மாசம்னு யோசிக்கிறீங்களா?" பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "சரி அக்கா, நீங்களே ஒரு சுத்து தேடிப் பாத்துட்டு வாங்க."

ஒரு சுற்று பார்த்தாள். பிறகு இன்னொரு சுற்று. எந்த வரிசை, எந்தத் தூண் என்று தெரியாமல், ஒரே மாதிரி மேசைகளுக்கு நடுவே, ஒரே மாதிரி குனிந்த முதுகுகளுக்கு நடுவே, "குண்டா, குண்டா" என்று முனகிக்கொண்டே நடந்தாள். செருப்பு கடித்தது. மேலே அதே மேகம். மூன்றாவது சுற்றில் அழ ஆரம்பித்துவிட்டாள். வயதான பெண்பிள்ளை தோற்றுவிட்டு அழுகிறாள் என்று நினைத்து ஜனங்கள் வழிவிட்டார்கள்.

அப்போது பார்த்தாள்.

கூடத்தின் கடைக்கோடியில் நீலக் கட்டம் போட்ட முதுகு. தோளில் ஒரு சாம்பல் நிறக் கை. விளக்கில்லாத ஒரு நடைவழியை நோக்கி இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் கல்யாண வீட்டில் நுழைகிறவன் போல் நிதானமாகத்தான் நடந்தான்.

"குண்டா!"

எங்கோ ஒரு மேசையில் ஜெயித்தவர்கள் கத்தினார்கள். அவள் குரல் அதில் அமுங்கியது.

ஓடினாள். கயிறு கட்டிய தடுப்பில் கால் தட்டி விழுந்தாள். எழுந்தபோது அவன் நடைவழியின் வாசலில் இருந்தான். இன்னும் நாலு எட்டு. மூன்று. உள்ளே போனால் முடிந்தது. இருபத்தாறு வருஷம். ஒரே ஒரு நாள்.

வாயை மூட அவளால் முடியவில்லை.

"லாவ் கின் சாங்!"

கூடம் அமைதியாகிவிட்டது. சீட்டு மடிக்கும் சத்தம்கூட இல்லை.

அவன் திரும்பவில்லை.

"ஆ, இதோ வந்துட்டேன்" என்றது ஒரு குரல். அவள் காதுக்குப் பின்னால். கணவனின் குரல். அந்துருண்டை வாசனை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடைவழிக்கு ஓடினாள். சாம்பல் சட்டையைக் காணோம். கணவன் மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். கையைப் பிடித்தாள். சூடாகத்தான் இருந்தது. அவன் அவளைப் பார்த்தான், வழி கேட்பவரைப் பார்ப்பதுபோல.

"குண்டா, வா. போலாம்."

அந்த வார்த்தைக்கு மட்டும் அவன் முகம் லேசாக அசைந்தது. கூடவே வந்தான்.

அறைக்குப் போகவில்லை. பை, துணி, மருந்து எல்லாம் கிடக்கட்டும். இந்த ஊரை விட்டுப் போய்விட்டால் போதும், ஹாங்காங் போகும் கடற்பாலத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்று மட்டும் தோன்றியது. விடுதியின் இலவசப் பேருந்தில் ஜன்னலோரம் அவனை உட்காரவைத்தாள். வெளியே மூன்று மணி வெயில். நிஜமான வானம். அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"உன் பேரு என்ன? மெதுவா, என் காதுல மட்டும் சொல்லு."

அவன் உதடுகள் பிரிந்தன. மூடின. பையில் வைத்த சாவியைத் தேடுகிறவன் மாதிரி நெற்றியைச் சுருக்கினான்.

"சரி, விடு. நான் யாரு?"

"கூட்டிட்டுப் போறவங்க" என்றான் மரியாதையாக.

அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவனும் யாரோ ஒரு பெண் அழுகிறாளே என்று முதுகைத் தட்டிக்கொடுத்தான். பெயர் போனால் போகட்டும் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போய் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கலாம். கஞ்சி ஊட்டி, பழைய படங்களைக் காட்டி, தினமும் குண்டா குண்டா என்று கூப்பிட்டு. வேலையை நாளைக்கே விட்டுவிடலாம். அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும்.

எல்லைக் கூடத்தில் தானியங்கி வாயில்கள் வரிசையாக இருந்தன. ஒரு நேரத்துக்கு ஓர் ஆள். அடையாள அட்டையைச் செருகி, கட்டைவிரலை வைத்தால் கண்ணாடிக் கதவு திறக்கும். அவன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நான் செய்யறதப் பாத்து, அதே மாதிரி செய். என்ன?"

அவன் தலையாட்டினான்.

அவள் விரலை வைத்தாள். பச்சை. நடந்தாள். கதவு பின்னால் மூடிக்கொண்டது. மூடிய பிறகுதான் உறைத்தது. அவனை முதலில் அனுப்பியிருக்க வேண்டும்.

"வை, குண்டா. விரல வை."

அட்டையைச் செருகினான். விரலை வைத்தான்.

சிவப்பு.

"இன்னொரு தடவை. அழுத்தி."

சிவப்பு.

அவளுடைய கைப்பையில் கணவனின் போன் அடித்தது. எடுக்கப்போனாள். ஒரு கை முந்திக்கொண்டு அதை எடுத்தது. நீலக் கட்டம் போட்ட சட்டைக் கை, அந்துருண்டை வாசனையோடு. தடித்த விரல்கள், ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த உள்ளங்கை. இன்னொரு கையில், அவர்கள் அறையில் விட்டுவந்த இரண்டு பைகள்.

"ஆமாம்மா, அப்பாதான். தாண்டிட்டோம், இந்தப் பக்கம்தான் நிக்கிறோம்."

"அப்பா! ஜாலியா இருந்துச்சா?" மகளின் குரல். சந்தோஷமாக. "அம்மா எங்க? அம்மாவப் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க, பாக்கணும்."

பைகளைக் கீழே வைத்துவிட்டு, அவள் தோளில் அந்தக் கை வந்து விழுந்தது. கனமாக. இடது தோள். பிறகு வலது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற குண்டனுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. யாரோ சலித்துக்கொண்டார்கள். அவன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டைவிரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்தான். வைத்தான். சிவப்பு. எச்சில் தொட்டுத் துடைத்தான். வைத்தான். சரியாகச் செய்கிறேனா என்று கேட்பதுபோல் அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடியும் விரலை வைத்தான்.