இடப்பக்கம் சாய்ந்த கோடு

மதியச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து இறங்கினாள். ஒரு டெம்போவின் பின்னால் கயிறு கட்டி, மாமாவின் காரை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. 

மாமா என்றால் அக்காவின் கணவர். இந்த ஒர்க்‌ஷாப்பை நானும் அவரும் பதினோரு வருடம் சேர்ந்து நடத்தினோம். போன மழைக்காலத்தில் ஒருநாள், பாலத்தின் நடுவில் இந்தக் கார் ஓட்டத்திலேயே நின்றுபோனது. என்னவென்று பார்க்க அவர் இறங்கி பானட்டைத் தூக்கியிருக்கிறார். எதிரே வந்த லாரிக்காரனுக்கு மழையில் ஆள் நிற்பது தெரியவில்லை. பக்கவாட்டில் நின்ற அவரை அடித்துத் தள்ளிவிட்டுப் போனது; காரில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து வண்டி அக்கா வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

"ஓட்டுறதுக்கு இல்லடா," என்றாள் அக்கா. "ஏன் நின்னுச்சுன்னு தெரியணும். ஊர்ல இருக்குற வண்டியெல்லாம் பார்த்த மனுஷன், சொந்த வண்டியைக் கோட்டை விட்டுட்டாருன்னு துக்கத்துக்கு வந்தவங்களே பேசினாங்க. எனக்கும் அதுதான் மனசை அரிக்குது."

"இப்போ தெரிஞ்சு என்னக்கா பண்ணப் போற?"

"திட்டணும். இல்லேன்னா மன்னிப்புக் கேட்கணும். ரெண்டுல ஒண்ணு."

குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, கருவிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போகமாட்டாள் என்று புரிந்தது.

பெல்ட் மூடியைக் கழற்றினேன். எஞ்சினுக்குள் ஒரு வருட ஈரமும் துருவும் சேர்ந்து வாடை அடித்தது. பெல்ட் இடம் மாறித் தொங்கிக்கொண்டிருந்தது; அது நழுவினால் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். அதை இறுக்கிப் பிடிக்கும் சின்னச் சக்கரம் தளர்ந்து கிடந்தது. சக்கரத்தைத் தாங்கும் போல்ட்டின் ஆறு முனையும் மழுங்கி, தலை கோலிக்குண்டு மாதிரி உருண்டிருந்தது. அதன் மேல் ஒரு மஞ்சள் கோடு.

அக்கா எழுந்து வந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். கோட்டைப் பார்த்தாள்.

"அப்போ அவர்தான் டைட் பண்ணியிருக்காரு," என்றாள். குரல் உடைந்தது. "அவரோட தப்புதான்."

மாமாவின் பழக்கம் அது. எந்த போல்ட்டையும் தன் கையால் கடைசியாக ஒருமுறை இறுக்கிச் சரிபார்த்த பிறகு, அதன் மேல் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்பார். கோடு இருந்தால் இனி யாரும் கை வைக்கக்கூடாது என்று அர்த்தம். வீட்டுக் குக்கரின் கைப்பிடியிலும் ஒருமுறை கோடு போட்டுவிட்டு அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இடதுகைக்காரர். அவர் கோடுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

இந்தக் கோடு வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

அக்கா அதைக் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போல்ட்டைக் கழற்றினால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவசரமாக வேலையை ஆரம்பித்தேன். துரு விட எண்ணெய் ஊற்றினேன். வைஸ் கிரிப் இடுக்கியால் கவ்வித் திருப்பினேன். வழுக்கியது. மறுபடியும் கவ்வினேன். வழுக்கி, என் விரல் முட்டி தகரத்தில் மோதி ரத்தம் வந்தது. அன்று இறுக மறுத்த போல்ட், இன்று இம்மியும் அசைய மறுத்தது.

சுத்தியலை எடுக்கத் திரும்பினேன்.

டக். டக். டக்.

எஞ்சினுக்குள்ளிருந்து கேட்டது.

பிடிவாதமான போல்ட்டை மாமா அப்படித்தான் வழிக்குக் கொண்டுவருவார். மூன்று தட்டு, ஒரு மூச்சு விடும் நேரம், மறுபடி மூன்று தட்டு.

ஒரு மூச்சு விடும் நேரம் போனது.

டக். டக். டக்.

"கூரையில மழை சத்தமா?" என்றாள் அக்கா மெதுவாக.

மழை நின்று சிறிது நேரம் ஆகியிருந்தது.

மழைக்கோட்டின் ஈர வாடை வந்தது. கூடவே, கை கழுவும்போது அவர் சேர்த்துத் தேய்க்கும் மண்ணெண்ணெய், சோப்புத்தூள் வாடை. மட்கார்டின் மேல் என் கை எதிலோ பட்டது. எடுத்துப் பார்த்தேன். போல்ட் தலையில் மாட்டித் திருகும் பதிமூன்றாம் எண் சாக்கெட். அன்று எவ்வளவு தேடியும் கிடைக்காதது. அதன் பிறகும் இந்த ஒரு வருடமாக என் கண்ணில் படாதது. நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

காதுக்குப் பக்கத்தில், சளி பிடித்த தொண்டையில், யாரோ சொன்னார்கள்.

"பதிமூணு, மாப்ள."

 பம்பரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, அது அவரு போட்ட கோடு இல்ல."

அவள் வெளிச்சத்தை என் முகத்துக்குத் திருப்பினாள்.

"அன்னைக்கு மாமாவுக்குக் காய்ச்சல். பெல்ட்டை என்னை மாட்டச் சொன்னாரு. கடைசியா நான் வந்து பார்க்குறேன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்தாரு. எனக்குப் படத்துக்குப் போற அவசரம். பதிமூணு சாக்கெட் கிடைக்கல. பதினாலைப் போட்டு இழுத்தேன், தலை மழுங்கிடுச்சு. அதுக்கு மேல இறுகல. நானே மஞ்சள் கோட்டைப் போட்டு வச்சிட்டேன்."

"அவரு பார்க்கலயா?"

"வந்தாரு. நீங்க ஏற்கெனவே பார்த்துக் கோடு போட்டாச்சு, காய்ச்சல்ல மறந்துட்டீங்க மாமான்னு சொன்னேன். அப்படியா மாப்ளன்னு சிரிச்சிட்டுப் போயிட்டாரு. என்னை நம்பிட்டாருக்கா."

நான் அழுதேன். ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகை அது.

அக்கா அழவில்லை. அந்தப் போல்ட்டின் மேல் வெளிச்சத்தைத் திருப்பினாள். பிறகு தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னாள்.

"அவரு போட்டோவைச் சுவர் பக்கமாத் திருப்பி வச்சிருக்கேன்டா. ஒரு வருஷமா. இப்படிக் கவனமில்லாமப் போய் எங்களை விட்டுட்டியேன்னு தினமும் திட்டியிருக்கேன்."

 எழுந்து, வைஸ் கிரிப்பைப் போல்ட்டில் வைத்தேன். அழுத்தக்கூட இல்லை. அது பாட்டுக்குத் திரும்பியது. கடைசி நாலு சுற்றை விரலாலேயே கழற்றினேன்.

"அதை என்கிட்ட கொடு," என்றாள் அக்கா. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"அக்கா..."

"இப்போ எதுவும் பேசாதே. நான் போய் முதல்ல அவரைத் திருப்பி வைக்கணும்."

குடையை மறந்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். பின்னால் ஓடிப்போய்க் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மனம் ஆறவில்லை. சக்கரத்தை நேராக்கி, பெல்ட்டை மாட்டி, புது போல்ட் ஒன்றைப் போட்டேன். அந்தப் பதிமூன்றாம் எண் சாக்கெட்டைத்தான் போட்டு இறுக்கினேன். அன்று செய்யவேண்டியதை இன்று செய்தேன். யாருக்கு என்ன பிரயோசனம்? கொல்லைக் குழாயில் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தேன்.

புது போல்ட்டின் தலையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது.

விரலால் தொட்டேன். ஈரம். விரலில் ஒட்டியது.

அலமாரியில் பெயின்ட் டப்பாவைப் பார்த்தேன். அவர் போன பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. மூடி துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. ஆட்டிப் பார்த்தேன், உள்ளே பெயின்ட் கல்லாகக் காய்ந்து கிடந்தது.

கோடு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

என்னை மன்னித்துத்தான் போட்டாரா, இல்லை என் வேலையை இனி நம்பாமல் தானே சரிபார்த்துவிட்டுப் போனாரா, எனக்குத் தெரியவில்லை. "மாமா," என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. கூரைத் தகரத்தில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது.