கை தூக்கு, அபிகாயில்!

செல்போன் அலறியது.

ரூக்சார் பதறிப்போய் எடுத்தாள்.

"ரூக்கு... கங்கம்மாவத் தொரத்திட்டானுங்கடி!"

அம்மா ஜஹீரா! பல்லாவரத்தில் தோல் கையுறை தைக்கும் கம்பெனியிலிருந்து பேசினாள். குரல் முழுக்க அழுகை.

"என்னம்மா சொல்றே? எதுக்கு?"

"கக்கூஸ் சாவி விஷயத்த உன் ஆப்புல பேசினா இல்ல? அத்த வார்த்தைக்கு வார்த்தை சொல்லிக் காட்டறான் சூப்பர்வைசர் வேதாசலம். 'கங்கம்மா யாரு? கை தூக்கு!'ன்னான். அவ பாவம்... சம்பளம் ஏத்தப் போறான்னு நெனச்சுகினு தூக்கிட்டா!"



வேதாசலத்துக்குத் தன்னிடம் வேலை செய்யும் பெண்களில் ஒருத்தியின் பெயரும் தெரியாது. ஏஜென்ட் வேனில் கொண்டுவந்து இறக்குவார். இந்த மகராசன், "ஏய், நாலாம் மெஷின்!" என்று கூப்பிடுவான். கக்கூஸ் சாவி அவனுடைய பேன்ட் பாக்கெட்டில் இருக்கும். வேண்டுமென்றால் அவன் முன்னால் போய் நின்று கெஞ்ச வேண்டும். அவன் அடிக்கும் கமெண்டையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"உன்ன நம்பித்தானடி அத்தினி பேரும் பேசினோம்? பேரு வெளிய வராதுன்னு என் தலைமேல கை வெச்சு சொன்னியே! நாளைக்கி என்னயும் தொரத்தினா அடுப்பு எப்டி எரியும்?"

போன் கட்டானது.

ரூக்சார் சுற்றிலும் பார்த்தாள். தாம்பரம் கல்லூரி ஒன்றின் செமினார் ஹால். மேடையில் பேனர்... 'சமூக நீதிக்கான ஹேக்கத்தான். கோடிங் தெரியாதவர்களும் வரலாம்!' அதை நம்பித்தான் பி.காம். படிக்கும் அவளும் இந்த ஆப் செய்யும் போட்டிக்கு வந்தாள். வாரம் முழுக்க ஆன்லைனில் வகுப்பு. இன்று சனிக்கிழமை, செய்ததை நடுவர்கள் முன்னால் காட்ட வேண்டும்.

அவள் டீம் செய்த ஆப்பின் பெயர் 'வாய் திற'. வேலை செய்யும் இடத்தில் நடக்கும் அநியாயத்தைப் பெண்கள் குரலாகப் பதிவு செய்யலாம். யார் பேசியது என்பது டீமுக்கு மட்டும்தான் தெரியும்.

டீம் என்றால்... கூடப் படிக்கும் சினேகா. கோடிங் தெரிந்த அசார். வழிகாட்டியாக வந்த ஐ.டி. கம்பெனி தயாளன் சார்.

இந்த மூன்று பேரில் ஒருவர் விற்றிருக்கிறார்!

'அசாராகத்தான் இருக்கும்' என்றது மனசு. அவன் மாமா அதே கம்பெனிக்குத் தோல் சப்ளை செய்கிறவர்.

அவள் தயாளனிடம் ஓடினாள்.

"சார், நம்ம டேட்டா லீக் ஆயிடுச்சு. ஒருத்தங்க வேலையே போயிடுச்சு!"

"ஷ்ஷ்... கத்தாதேம்மா. யார் மேலயும் எவிடென்ஸ் இல்லாம பழி போடக்கூடாது. முதல்ல டெமோ முடியட்டும்."

எவிடென்ஸ்தானே... செய்து காட்டுகிறேன்!

ரூக்சார் வராந்தாவுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, உங்க யூனிட்ல முனியம்மா, அபிகாயில், சுபத்ரானு யாராச்சும் இருக்காங்களா?"

"அப்டி யாரும் இல்லியே. இன்னாத்துக்கு?"

"வேதாசலம் இதுல எந்தப் பேரச் சொல்லிக் கத்தறான்னு மட்டும் பாரு. உடனே எனக்குப் போன் பண்ணு."

பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிடித்தாள். அசாரின் காதில், "முனியம்மான்னு ஒருத்தங்க புதுசா புகார் சொல்லியிருக்காங்க. யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள். தயாளனிடம் அதே கதை, பெயர் மட்டும் சுபத்ரா.

சினேகாவிடம் வந்தபோது தயக்கமாக இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள். இவளையும் சோதிப்பதா என்று கூச்சப்பட்டுக்கொண்டேதான் சொன்னாள்.

"அபிகாயில்னு ஒருத்தங்க பேசியிருக்காங்கடி."

"ஐயோ பாவம்!" என்றாள் சினேகா. கண்கூடக் கலங்கியது.

மதியம் பிரியாணிப் பொட்டலம் வந்தது. ரூக்சார் பிரிக்கவே இல்லை.

செல்போன்!

"ரூக்கு... வேதாசலம் லைன் லைனா சுத்திகினு கீறான். 'அபிகாயில், கை தூக்கு! அபிகாயில், கை தூக்கு!'ன்னு ஒரே கத்தல். யாருமே தூக்கல. பைத்தியம் புடிச்சுடும்போல கீது அவனுக்கு!"

அபிகாயில்.

சினேகா!

 அசாராக இருந்திருந்தால் ரூக்சார் திட்டிவிட்டுப் போயிருப்பாள். இவளை என்ன சொல்லித் திட்டுவது?

மாடிப்படியின் கீழே இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணே?"

"எ... எதை?"

"அபிகாயில்னு யாருமே இல்ல சினேகா. நான் உண்டாக்கின பேரு. உன் ஒருத்திகிட்ட மட்டும் சொன்ன பேரு."

சினேகாவின் முகம் வெளுத்தது. உடைந்து அழுதாள்.

"வேதாசலம் எங்க தெருதான்டி. டேனியல் அண்ணன் ரெண்டு வருஷமா சும்மா உக்காந்திருக்கான். குடோன்ல வேலை போட்டுத் தரேன்னார். யார் பேசறாங்கன்னு மட்டும் சொல்லுன்னார்..."

"உங்க அண்ணனுக்கு வேலை வேணும்னா கங்கம்மா வேலை போகணுமா?"

"உங்க அம்மா பேர மட்டும் குடுக்கவே இல்ல ரூக்கு! சத்தியமா!"

"அதுக்கு நான் தேங்க்ஸ் சொல்லணுமா?"

"ரூக்கு, ப்ளீஸ்..."

"போயிடு. மேடைக்கு வராதே. இனிமே எங்க வீட்டுப் பக்கமும் வராதே!"

சொல்லிவிட்டாளே தவிர, கண்ணீர் வழிந்தது. கூடவே இருந்து குழி பறித்தவளுக்காகவும் அழுகை வருகிறதே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அசாரும் தயாளனும் ஓடி வந்தார்கள். சினேகாதான் பேரைக் கொடுத்தாள் என்று மட்டும் சொன்னாள். அசார் கொதித்தான்.

"ச்சே! ஃப்ரெண்டாம் ஃப்ரெண்டு! நீ ஃபீல் பண்ணாதே ரூக்சார். நான் இருக்கேன்."

"நாங்க எல்லாரும் உன் பக்கம்மா. தைரியமா மேடை ஏறு" என்று தட்டிக் கொடுத்தார் தயாளன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், இவர்களைப் போய்ச் சந்தேகப்பட்டோமே!

"அடுத்த டீம்... வாய் திற!" என்றது மைக்.

மேடைப் படியில் கால் வைக்கும்போது, அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப். கம்பெனி குரூப்பில் வேதாசலம் போட்ட வாய்ஸ் மெசேஜ்!

காதோடு வைத்துக் கேட்டாள்.

முழுசாகக் கேட்டாள்.

திரும்பி அசாரைப் பார்த்தாள். அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தான். தயாளனைப் பார்த்தாள். முன் வரிசையில் உட்கார்ந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ரூக்சாரின் அழுகை அந்த இடத்திலேயே நின்றுபோனது.

நடுவர் நாற்காலியில் வக்கீல் ஷாயிஸ்தா.

"ஆரம்பிக்கலாமாம்மா? உங்க ஆப் என்ன பண்ணும்?"

"நான் சொல்றதைவிட நீங்களே கேட்டுடுங்க மேடம்."

ரூக்சார் போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஹால் முழுக்க வேதாசலத்தின் குரல்!

"முனியம்மா, அபிகாயில், சுபத்ரா! கை தூக்காம ஒளிஞ்சுகினா வுட்ருவேனா? மூணு பேரும் திங்கக்கிழமைலேர்ந்து வேலைக்கு வராதீங்க. கம்பெனி மேல புகார் சொன்னா இதான் கதி. காலைல கங்கம்மாக்கு ஆன கதிதான் எல்லாருக்கும்!"

அசாரின் கையிலிருந்த லேப்டாப் நழுவப் பார்த்தது. தயாளனின் கட்டைவிரல் மெதுவாக இறங்கியது.

"இது எங்க அம்மாவோட கம்பெனி சூப்பர்வைசர் மேடம், அம்மாவும் கங்கம்மாவும் எங்க ஆப்ல புகார் சொன்னவங்க. யார் பேசறாங்கன்னு வெளிய போகுதுன்னு காலைல தெரிஞ்சது. இந்த மூணு பேரும் நான் உண்டாக்கினவங்க. முனியம்மா பேரை அசார்கிட்ட மட்டும் சொன்னேன். அபிகாயில் பேரை சினேகாகிட்ட மட்டும். சுபத்ரா பேரைத் தயாளன் சார்கிட்ட மட்டும். அவங்கவங்க தனித்தனியா கொண்டுபோய் வித்திருக்காங்க."

"மாமாவோட ஆர்டர் போயிடும்னு..." என்று முனகினான் அசார்.

தயாளன் எழுந்தார். "மேடம், அந்தக் கம்பெனிதான் இன்னிக்கு லஞ்ச் ஸ்பான்சர். நான்தான் பேசிக் கூட்டிட்டு வந்தேன். அதனால ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன்..."

"உக்காருங்க!" என்றார் ஷாயிஸ்தா.

தயாளன் உட்கார்ந்தார்.

"புகார் சொன்னதுக்காகத்தான் வேலைய விட்டு எடுத்தேன்னு அவரே சொந்தக் குரல்ல சொல்லியிருக்கார். இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்? திங்கக்கிழமை கங்கம்மாவை என் ஆபீசுக்குக் கூட்டிட்டு வா. அவங்க வேலையைத் திருப்பி வாங்காம நான் விடமாட்டேன். உங்க அம்மா மேலயும் எவனும் கை வைக்க முடியாது."

ரூக்சாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஷாயிஸ்தா மார்க் போடப் பேனாவை எடுத்தார்.

"டீம்ல யார் யார் பேரை எழுதிக்கணும்மா?"

"முனியம்மா, அபிகாயில், சுபத்ரா, அப்புறம் நான். இருக்கறவங்களைவிட இல்லாதவங்க ரொம்ப நல்லா வேலை பாக்கறாங்க மேடம்!"