அப்பாவுக்காகவா... எனக்காகவா?

“பையா, முனிர்கா!”

கொட்டும் டெல்லி மழையில், முனிர்கா போக இரண்டு குரல்கள் ஒரே ஆட்டோவை நிறுத்தின.

“நான்தான் முதல்ல கை காட்டினேன்...” என்றாள் உமாமகேஸ்வரி, பதற்றத்தில் தமிழிலேயே.

“அச்சா... தமிழா? அப்ப சேர்ந்தே போயிடலாம் ஜி,” என்று சிரித்தான் அவன். மழைத்துளி தொங்கும் இமைகளுக்குள்ளே அப்படியொரு குறும்பு... அவள் சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டாள்.

பெயர் மதியழகன். வளர்ந்தது கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில்.

“பேரு மட்டும் மதியழகன்... பேச்சு ஏன் இப்படி?”

“டெல்லியில பொறந்த தமிழ், மேடம்... கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.”

அவள் ஆராய்ச்சி மாணவி. ரத்தக் குழாய் அடைத்துப்போன இதயத்துக்குள் மரபணுவைச் செலுத்தி, புதிய குழாய்களைத் துளிர்க்க வைக்க முடியுமா என்று பார்ப்பது அவள் வேலை. அதைச் சொன்னதும் அவன் சிரிப்பு நின்றது... கேள்விகள் தொடங்கின.

அதன் பிறகு மாலைதோறும் ஆய்வுக்கூட வாசல் டீக்கடையில் வந்து நின்றான். அவளும் வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பழகினாள். ஏன் என்றுதான் தெரியவில்லை...

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அப்பாவுக்கு ஹார்ட்ல அடைப்பு. பைபாஸ் தாங்காதுன்னுட்டாங்க டாக்டருங்க. உங்க மருந்து... அவருக்குக் கெடைக்குமா?”

அவளுக்குச் சுருக்கென்றது.

“நாங்க இன்னும் எலிகளுக்குத்தான் குடுத்துப் பாக்கறோம். மனுஷங்களுக்கு வர வருஷக்கணக்காகும்.” அவனை நேராகப் பார்த்தாள். “இதுக்குத்தானா... இத்தனை நாளா சிரிச்சுப் பேசினீங்க?”

அவன் குடிக்காத டீயை வைத்தான். காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

பிறகு வரவேயில்லை. கோபப்பட வேண்டியவள் அவள்தானே... அப்படியானால் டீக்கடையை ஏன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்? அவன் அப்பா எப்படி இருக்கிறாரோ? இந்தத் தவிப்பு அவருக்காகவா, அவனுக்காகவா? அப்பாவுக்காக வந்தவன் போனால் போகட்டுமே என்று நினைத்தால், கண் ஏன் கலங்குகிறது? நுண்ணோக்கியில் குனிந்தால் எல்லாமே மங்கலாகத் தெரிந்தது.

குளிர் தொடங்கியிருந்த ஒரு மாலை... டீக்கடையில் மதியழகன்! இளைத்துப் போயிருந்தான்.

“அப்பா...?” அதுதான் முதலில் வந்தது அவளுக்கு.

“வேற ஆஸ்பத்திரியில ஆபரேஷன் இல்லாமலே, அடைப்பை விரிக்க ஸ்டென்ட் வெச்சாங்க. வீட்டுக்கு வந்துட்டார். காலையில என்கூட சண்டைகூடப் போட்டார்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே...”

“எப்படி ஜி சொல்ல? நான் என்ன பேசினாலும் அப்பாவுக்காகன்னுதானே உங்களுக்குத் தோணும்? அதான்... உங்ககிட்ட கேக்க ஒண்ணுமே இல்லாத நாள்ல வரணும்னு இருந்தேன்.” தலை குனிந்தான். “உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்... வேற எதுவும் வேணாம்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“உங்களுக்கு எதுவும் வேணாம்... சரி. எனக்கு வேணுமே!”

“என்ன?” என்று திகைத்தான்.

“நீங்கதான்...”