சூளைக் குளத்துக் கோலம்

"யோவ்! நில்லுய்யா அங்கே!"

பசைச் சட்டியும் கையுமாக விளக்குக் கம்பத்தில் ஒரு காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்த வேலாயுதம் திடுக்கிட்டுத் திரும்பினான். திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்...

எதிரே ஒரு பெண். இழுத்துச் செருகிய முந்தானை, கையில் ஒரு பித்தளைக் கிண்ணம், மூக்கின் மேல் கோபம். அந்தக் கண்கள் இருக்கின்றனவே... அப்பப்பா! கண்களுக்கு இடம் கொடுத்தது போக மிச்சத்தில்தான் ஆண்டவன் மூக்கையும் வாயையும் வைத்திருந்தான்.

"கோலத்தை நிறுத்தச் சொல்ல நீங்க யாரு? இந்த அதிகாரத்தை உங்களுக்கு யாரு கொடுத்தது?"

வேலாயுதத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இருக்காதா பின்னே? மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸில், குளத்தை மூடக் கூடாது என்று கையெழுத்துக் கேட்டு மூன்று நாளாக வீட்டுக்கு வீடு படி ஏறி இறங்குகிறான். குளத்துக்காக ஒரு பெண் வாய் திறந்தாள் என்பது இதுதான் முதல் தடவை.

செங்கல் சூளைகளுக்காக ஒரு காலத்தில் களிமண் தோண்டிய பெரிய பள்ளம் அது. மழை நிரப்பியது. ரயில்வே வொர்க்ஷாப் ஆட்கள் லீவு நாட்களில் கூடி, நாலு பக்கமும் செங்கல் வைத்துக் கட்டி, படி இறக்கி, குதிப்பதற்கு ஒரு பலகையும் போட்டார்கள். தமிழன், சீனன், மலாய்க்காரன் யாரும் இறங்கலாம். தமிழ் ஜனங்களுக்கு அது சூளைக் குளம். மலாய்க்காரர்களுக்கு வெறும் 'கோலம்'. அவர்கள் பாஷையில் குளத்துக்குக் கோலம் என்றுதான் பெயர். வொர்க்ஷாப்பில் எல்லோரோடும் பழகிய வேலாயுதத்தின் வாயிலும் சில சமயம் அப்படித்தான் வரும். இப்போது கொசு வளர்கிறது என்று ஒரு சுகாதார ஆபீஸ் துரை அதை மண் கொட்டி மூட உத்தரவு போட்டிருந்தார். வருகிற வியாழக்கிழமை மூடுவிழா!

"அதைத்தாங்க நானும் கேக்குறேன்! கோலத்த மூட அவனுங்க யாரு லா?" என்றான் வேலாயுதம் உற்சாகமாக, அந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' போட்டு.

அவள் கோபம் ஒரு படி இறங்கியது. "அப்போ... நீங்க அந்த ஆபீஸ் ஆளு இல்லையா?"

"நானா? நான் ரயில்வேல ஃபிட்டருங்க. கோலம்னா எனக்கு உசுரு."

"ஆம்பளைக்கு... கோலம்னா உசுரா?"

"என்னாங்க இப்படிக் கேட்டுட்டீங்க? வேலை விட்டதும் நேரா கோலந்தான். ஒரு மணி நேரம். அப்புறந்தான் சோறு."

"சாயங்காலத்துலயா? நாங்க விடியக்காலையிலதான்."

"குளிருமே?"

"குனிஞ்சு ஆரம்பிச்சுட்டா குளிரு தெரியாது."

"குனியறதெல்லாம் நமக்கு ஆகாதுங்க. நான் தலைகீழாத்தான் பாய்வேன்."

அந்தக் கண்கள் இன்னும் பெரிதாயின. "கோலத்து மேலயா?"

"பின்னே? பலகையிலேருந்து ஒரே குதி! எட்டடி ஆழம், ஒண்ணும் ஆகாது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலாயுதத்தின் பார்வை மெல்ல அவள் கைக்கிண்ணத்துக்கு இறங்கியது. உள்ளே வெள்ளை வெளேரென்று அரிசி மாவு...

"ஏங்க... நீங்க எந்தக் கோலத்தச் சொல்றீங்க?"

நடந்தது இதுதான். அவள் பெயர் புஷ்பவல்லி. குட்ஸ் ஷெட்டில் வேலை செய்யும் அண்ணன் ராமலிங்கத்தோடு இருக்க, கப்பலேறி வந்து நாலே மாதம். அன்று பிற்பகல் ஒரு மலாய்க்காரப் பியூன் தகரத்தைத் தட்டிக்கொண்டு, "கோலம் துத்துப்! ஹரி காமிஸ், கோலம் துத்துப்!" என்று கூவிக்கொண்டே போனான். ஹரி காமிஸ் என்றால் வியாழக்கிழமை என்று அவளுக்குத் தெரியும். துத்துப் என்றால் என்ன என்று பக்கத்து வீட்டு வீரம்மாவைக் கேட்டாள். "கடைய மூடினா துத்துப்பும்பானுங்க. மூடுறது, நிறுத்துறது," என்றாள் வீரம்மா. போதாதா? மார்கழி மாதம் பிறந்து இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை... கோலத்துக்குத் தடையா! அரை மணி நேரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸின் நாற்பது வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். காகிதம் ஒட்டுகிற ஆபீஸ்காரனை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவள்தான் இவள்.

விஷயம் புரிந்ததும் வேலாயுதத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்தால் என்ன, அடக்கியிருக்க வேண்டாமா? அவன் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். வேலை முடிந்து வந்த கூட்டாளிகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிச் சிரித்தான். ஏழெட்டுப் பேர் தெருவில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

புஷ்பவல்லியின் கண்களில் நீர் திரண்டது. ஆனால் குரல் உடையவில்லை.

"பாஷை தெரியாம வந்தவளப் பாத்துச் சிரிக்கிறது ரொம்பப் பெருமையா இருக்குதுல்ல? சிரிங்க... நல்லா சிரிங்க."

திரும்பிப் போய்விட்டாள். வேலாயுதத்தின் சிரிப்பு நின்றது. அந்தக் கண்ணில் நீரைப் பார்த்த பிறகு அவனுக்கு எதுவுமே வேடிக்கையாக இல்லை. அன்று சாயங்காலம் அவன் குளத்தில் இறங்கவும் இல்லை.

மறுநாள் இருநூற்று அறுபது கையெழுத்துகளோடு துரையின் ஆபீசுக்குப் போனான். துரை பக்கங்களைப் புரட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை.

"எல்லாம் ஆம்பிளைகள்," என்றார் மலாயில். "ஒரு பெண் பெயர் உண்டா? ஒரு குடும்பம் உண்டா? வாலிபர்கள் வெட்டியாகப் பொழுது போக்க ஓர் இடம். அதில் கொசு வேறு."

"கொசுவுக்கு மீன் விடலாம் துவான்," என்று மலாயில் ஐயா போட்டுக் கெஞ்சினான் வேலாயுதம். "புழுவெல்லாம் தின்னுடும்..."

"வியாழக்கிழமை லோரி வரும்," என்று துரை காகிதக் கட்டைத் திருப்பித் தள்ளினார்.

இன்னும் இரண்டே நாள்! வேலாயுதத்துக்கு வழி ஒன்றுதான் தெரிந்தது. நாற்பது வீட்டுப் பெண்களை அரை மணி நேரத்தில் தெருவுக்குக் கொண்டுவந்தவள் ஒருத்தி இருக்கிறாளே... ஆனால் எந்த முகத்தோடு போவது?

இருக்கிற முகத்தோடுதான் போனான். தனியாகப் போகவில்லை. அன்று சிரித்த அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு, பைப்படிக்கே போனான். நாற்பது வீட்டுக்கும் ஒரே பைப்பு. காலையில் குடத்தோடு ஊரே அங்கேதான் நிற்கும்.

"அன்னிக்கு நாங்க சிரிச்சது தப்புங்க," என்றான் எல்லோர் காதிலும் விழும்படி. "அதுலயும் நான் சிரிச்சது பெரிய தப்பு. மன்னிச்சிருங்க."

புஷ்பவல்லி நிமிரவில்லை. குடம் நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீரம்மாதான், "ஏண்டி, ஆம்பளை இத்தன பேருக்கு முன்னால கேக்குறான்," என்று இடித்தாள்.

"கேட்டது சரிதான் அக்கா. எதுக்குக் கேக்குறாருன்னு கேளுங்க."

கெட்டிக்காரி! வேலாயுதம் துரை சொன்னதைச் சொன்னான். பொம்பளைகள் வந்து நின்றால் குளம் பிழைக்கும் என்றான்.

புஷ்பவல்லி இப்போது நிமிர்ந்தாள். "அந்தக் குளத்துல என்னிக்காச்சும் ஒரு பொம்பளை கால் நனைச்சிருக்காளா? மூடினா எங்களுக்கென்ன, தெறந்தா எங்களுக்கென்ன?"

அவனுக்குச் சுரீர் என்றது. இத்தனை வருஷம் அந்தத் தண்ணீரில் புரண்டிருக்கிறான். இந்த ஒரு கேள்வி மட்டும் அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"நீங்க சொல்லுங்க. என்ன செய்யணும்?"

"தினம் நாலு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் குளம் எங்களுக்கு. ஒரு ஆம்பளை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது."

"சரி."

"நீங்க காவல் நிக்கணும்."

"நிக்கிறேன்."

"குளத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு."

பைப்படியே சிரித்தது. வேலாயுதமும் சிரித்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது உதட்டோரம் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்து ஓடி ஒளிந்ததே... அவன் பார்த்துவிட்டான்!

"துரைக்குப் பொம்பளை கையெழுத்துதானே வேணும்? போட்டுடுவோம்," என்றாள் போகிற போக்கில். "காகிதத்துல இல்ல. தரையில."

வியாழக்கிழமை விடிந்தபோது சூளைக் குளத்துப் பாதை பாதையாகவே இல்லை! பெரிய ரோட்டிலிருந்து குளத்துப் படி வரைக்கும், ஒரு சாண் செம்மண் விடாமல், கோலம்... கோலம்... கோலம். நாற்பது வீட்டுப் பெண்கள் குனிந்தது குனிந்தபடி இழுத்துத் தள்ளியிருந்தார்கள். காவிக்குப் பதிலாகச் சூளையில் கிடந்த செங்கல் தூளை இடித்துப் போட்டிருந்தார்கள். கடைசியில், படிக்கட்டின் முன்னால், புஷ்பவல்லி ஒரு பெரிய தேர்க்கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மணிக்கு மண் ஏற்றிய மூன்று லோரிகள் உறுமிக்கொண்டு வந்தன. முன் லோரி பாதை முனையில் நின்றது. டிரைவர் சின்னையா குதித்து இறங்கினார். பார்த்தார். பார்த்தவர் என்ன நினைத்தாரோ, காலிலிருந்த செருப்பைக் கழற்றினார்.

"என்னம்மா இது?"

"மார்கழிக் கோலம்ண்ணே. ஏத்திக்கிட்டுப் போறதுன்னா போங்க," என்றாள் வீரம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"நல்லா இருக்கே கதை! விடிஞ்சதும் விடியாததுமா கோலத்து மேல லோரிய ஏத்திட்டு நான் வீட்டுக்குப் போயி சோறு திங்க வேணாமா? நம்மால ஆகாது லா." சாவியைப் பையில் போட்டுக்கொண்டு லோரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த இரண்டு பேரும் தமிழர்கள்தான். அவர்களும் எஞ்சினை அணைத்தார்கள்.

கூட்டம் ஆரவாரித்தது. அந்த ஆரவாரம் அடங்குவதற்குள்... சொட்! வேலாயுதத்தின் நெற்றியில் ஒரு துளி. அண்ணாந்து பார்த்தான். வானம் கரிச்சட்டி போலக் கறுத்திருந்தது. மழை இறங்கினால் கோலம் கரையும். கோலம் கரைந்தால் பாதை வெறும் பாதை!

"டேய், கித்தான கொண்டாங்கடா!"

வொர்க்ஷாப் ஆட்கள் பறந்தார்கள். சரக்கு மூடுகிற கித்தான்களை விரித்து, ஆளுக்கொரு முனையாகத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பாதை நெடுக நின்றார்கள். ராமலிங்கமும் ஒரு முனையைப் பிடித்திருந்தார். படிக்கட்டு வரைக்கும் மட்டும் கித்தான் எட்டவில்லை. அங்கே புஷ்பவல்லியின் தேர் பாதியில் நின்றது.

வேலாயுதம் ஓடினான். யாரோ நீட்டிய குடையைப் பிடுங்கி விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தான். மழை கொட்டியது. குடை சின்னது, கோலம் பெரியது. கோலத்துக்குக் குடையைச் சாய்த்தால் அவள் நனைந்தாள், அவளுக்குச் சாய்த்தால் கோலம் நனைந்தது. அவன் எப்படியும் நனைந்தான்.

"நீங்க நனையறீங்க," என்றாள் அவள், இழையை விடாமல்.

"எனக்கு என்னாங்க, தண்ணி பழக்கந்தான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இமையில் ஒரு மழைத்துளி நின்று நடுங்கியது. கோபம் இல்லாத அந்தக் கண்களை அவன் முதல் தடவையாகப் பார்த்தான்... ஐயோ, கோபமாகவே இருந்திருக்கலாம்! குடை கோலத்தை விட்டுச் சாய்ந்தது.

"குடையப் பாத்துப் பிடிங்க," என்றாள். ஆனால் அவள் இழுத்த கோடும் கொஞ்சம் கோணியிருந்தது.

அப்போதுதான் துரையின் கார் வந்தது. துரை இறங்கி, கித்தான்களையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டுப் பியூனிடம் உறுமினார்.

"என்ன இது?"

"கோலம், துவான்."

"கோலம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தரையில் இருப்பது என்ன?"

"இனி கோலம், துவான்," என்று பியூன் காலடியைக் காட்டினான். பிறகு குளத்தைக் காட்டினான். "இத்து ஜூகா கோலம்." இதுவும் கோலம், அதுவும் கோலம். பாவம், அவன் சொன்னதில் என்ன பிழை?

துரை விழித்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. புஷ்பவல்லி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாவு அப்பிய விரல். நடுங்காத குரல்.

"துரைகிட்டச் சொல்லுங்க," என்றாள் வேலாயுதத்திடம். "வாசல்ல கோலம் போட்டா அது குடும்பம் இருக்கிற வீடுன்னு அர்த்தம். நாப்பது குடும்பம் இந்தக் குளத்துக்கு வாசல் போட்டிருக்குதுன்னு சொல்லுங்க."

வேலாயுதம் துரையின் பக்கம் திரும்பினான். ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னான். கூடவே, மீன் நீந்திய ஒரு கண்ணாடிப் போத்தலையும் நீட்டினான்.

துரை போத்தலைப் பார்த்தார். நாற்பது பெண்களைப் பார்த்தார். செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்த சின்னையாவைப் பார்த்தார். கடைசியில், "மூன்று மாதம்," என்றார். "மீனை விடு. கொசுப்புழு ஒன்று இருந்தாலும் மூடுவேன். இல்லாவிட்டால் இருக்கட்டும்."

அப்புறம் அங்கே நடந்த கூத்தை எப்படிச் சொல்வது! சின்னையா ஆடினார். வீரம்மா மழையிலேயே குலவை விட்டாள். வேலாயுதம் சட்டையோடு குளத்தில் பாய்ந்தான். எழுந்து பார்த்தபோது படியில் அவளைக் காணோம்.

மூன்று மாதமும் மீன்கள் தங்கள் வேலையைப் பார்த்தன. குளம் பிழைத்தது. அந்த மூன்று மாதமும் வேலாயுதம் ஒரு மணி நேரம் முன்னதாக வேலைக்குப் போய், ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே வந்து, தினம் நாலு மணிக்குப் பாதை முனையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பின்னால் தண்ணீர்ச் சத்தம், சிரிப்புச் சத்தம்... எது அவள் சிரிப்பு என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அவளோ அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குளம் நிலைத்துவிட்டது, இனி அவனால் ஆகவேண்டியது அவளுக்கு என்ன இருக்கிறது? அவன் மனசு அவனையே தின்றது.

குளத்தை மூடப் போவதில்லை என்ற உத்தரவு வந்த அன்று, மற்றப் பெண்கள் போன பிறகு, அவனுக்குப் பின்னால் ஈரக் கொலுசொலி ஒன்று நின்றது.

"திரும்பாதீங்க."

அவன் திரும்பவில்லை. மூச்சுகூட விடவில்லை.

"தொண்ணூறு நாள் நின்னீங்க. ஒரு நாளாச்சும் திரும்பிப் பாக்கணும்னு தோணலையா?"

"தினமும் தோணுச்சுங்க."

"ஏன் பாக்கல?"

"வாக்குக் கொடுத்தேனே..." அவன் பாதையையே பார்த்துக்கொண்டு சொன்னான். "பாக்காமலே உங்கள மனசுல வச்சுக்கிட்டு நிக்கிறேன். உங்களத் தவிர வேற யாரும் எனக்கு வேணாங்க. இத மூஞ்சிக்கு நேரா சொல்ற தைரியம் எனக்கு இல்ல."

அவள் கூந்தலிலிருந்து சொட்டிய நீரின் சத்தமும் நின்றுபோனது. போய்விட்டாளோ? போயே விட்டாளோ?

"அண்ணன் இன்னிக்கு வீட்லதான் இருக்காரு," என்றது அந்தக் குரல், ரொம்பப் பக்கத்தில். "நேத்தே சொல்லிட்டேன்... கட்டினா இவரத்தான் கட்டுவேன்னு."

வேலாயுதத்தின் கால் தரையில் பாவவில்லை.

"இப்பயாச்சும்... திரும்பட்டுங்களா?"

"ம்..." என்றாள் புஷ்பவல்லி. "திரும்புங்க."