ஈயத்தில் ஒரு நகக்கீறல்

ஆல்டன் ஹோக்லண்ட் கதவைத் தட்டவில்லை, தோளால் இடித்தான். தெல்மா ஓஸ்கார்ட் வந்து திறந்தபோது அவனுடைய வலது கை மணிக்கட்டோடு மடங்கி, பிழிந்து போட்ட துணியைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் அது தன்னுடையதுதானா என்று சில நாட்களாக அவனுக்கே சந்தேகம்.

"உள்ள வா. காபி குடிக்கிறியா?"

"கோப்பையைப் பிடிக்க முடியாது. வேண்டாம்."

சமையலறை மேசையில் கோர்டி தூண்டில் சுருள் ஒன்றைப் பிரித்துப் பரப்பியிருந்தான். தெல்மாவின் காலமான கணவனுக்குத் தம்பி. அமெரிக்காவில் இடாஹோவின் அந்த மலைப் பள்ளத்தாக்கில், போலீஸ் தலைவரான ஷெரீஃபிடம் போய்ச் சொல்லக் கூச்சமான விஷயம் எதுவானாலும் ஜனங்கள் தெல்மாவிடம்தான் கொண்டுவருவார்கள். அவள் அதே ஷெரீஃப் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் எங்கே போனாலும் கோர்டி கூப்பிடாமலே கூட வருவான்.

"டாக்டர் ரத்தத்தில ஈயம்னு சொல்றாரு," என்றான் ஆல்டன். "வருஷா வருஷம் பாக்குறதுதான். எப்பவும் ஒண்ணும் இருக்காது. இந்த வருஷம் ஏறிடுச்சு, ஏறிக்கிட்டே போகுது. எல்லாரும் கொட்டகையைத்தான் கை காட்டுறாங்க. சனிக்கிழமை ஒருத்தன் வந்து உலை, அச்சு எல்லாத்தையும் அள்ளிட்டுப் போறான். நோரீன் ஏற்பாடு பண்ணிட்டா."

"நீ என்ன நெனக்கிற?"

"கொட்டகை இல்லைன்னு நெனக்கிறேன். அதை நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

முப்பது வருடமாக ஆல்டன் தன் தோட்டாக்களைத் தானே செய்துகொள்பவன். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து கழுவி வெடிமருந்து நிரப்புவான். காரீயத்தை உருக்கி அச்சில் வார்த்த குண்டை அதன் வாயில் பொருத்துவான். பள்ளத்தாக்கில் பாதி ஆண்களுக்கு இதுதான் பொழுதுபோக்கு. ஆனால் அவனைப் போலச் சுத்தம் பார்க்கிறவர்கள் குறைவு. கொட்டகைக்கென்று தனி உடை, தனிச் செருப்பு. வெளியே வந்தால் முதல் வேலை கை கழுவுவது. முதல் பரிசோதனைக்குப் பிறகு முகமூடியும் பெரிய காற்றாடியும் கூட வாங்கிப் போட்டுவிட்டான்.

"அப்படியும் ஏறுச்சா?"

"அதுக்கப்புறம்தான் அதிகமா ஏறுச்சு."

"எப்பவாவது இறங்குச்சா?"

ஆல்டன் யோசித்தான். இப்போதெல்லாம் யோசிப்பதும் சேற்றில் நடப்பது போலத்தான் இருந்தது. "செப்டம்பர்ல கை விழுந்துடுச்சு. அக்டோபர்ல என் கூட்டாளி டுவெய்ன் ஸ்டக்கியோட எல்க் மான் வேட்டைக்கு மலைக் குடிலுக்குப் போனேன். அங்க விரல்ல கொஞ்சம் உயிர் வந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் மறுபடி போச்சு."

"குடில்ல ஈயம் வார்த்தீங்களா?"

"தினமும். பனி கொட்டுச்சு, வெளிய போக வழியில்லை. அடுப்புப் பக்கத்துல உக்காந்து வார்த்துக்கிட்டே இருந்தோம்."

கோர்டி சுருளைக் கீழே வைத்தான். "அண்ணி! ஈயத்துக்கு நடுவுல உக்காந்தா குணமாகுது, வீட்டுக்கு வந்தா படுக்குது. இது என்னய்யா கூத்து!"

தெல்மா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கொட்டகை ஆஸ்பத்திரி அறை போல இருந்தது. சுவரோரம் காரீயக் கட்டிகள், பக்கத்தில் வார்த்த குண்டுகள். தெல்மா ஒரு குண்டை எடுத்து விரல் நகத்தால் அழுத்திக் கீறினாள். கோடு விழவில்லை. ஒரு கட்டியை எடுத்தாள். அதிலும் விழவில்லை.

"பழைய கார்ச் சக்கரத்து எடைக்கட்டிகளை உருக்கினது," என்றான் ஆல்டன். "அதுல வேற உலோகமும் கலந்திருக்கும். அதான் கெட்டி."

"சுத்தமான ஈயம் வச்சிருக்கியா?"

"என் துப்பாக்கிக்கு அது ஆகாது. ரொம்ப மெத்து. இங்க ஒரு கட்டி கொறஞ்சாலும் எனக்குத் தெரியும்."

"டுவெய்னுக்குச் சுத்த ஈயம்தான் வேணும்," என்று கோர்டி குறுக்கே விழுந்தான். "அவன் வச்சிருக்கிறது குழாய் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற தாத்தா காலத்துத் துப்பாக்கி. அதுக்கு உருண்டை மெத்துன்னு இருக்கணும்."

ஆல்டன் வீட்டுச் சமையலறையில் அவன் மனைவி நோரீன் ஆப்பிள் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் தையல் மெஷின், அதன்மேல் யாருடைய ஹோட்டலுக்கோ தைக்கிற பச்சைத் திரைச்சீலை. வீட்டுக்குள் காற்று வந்து போகட்டும் என்று கிளினிக் நர்ஸ் சொன்னதிலிருந்து, எவ்வளவு குளிரானாலும் நோரீன் ஜன்னலை ஒரு சாண் திறந்தே வைத்திருப்பாள். ஜன்னலின் இடது திரை அசையாமல் தொங்கியது. வலது திரை எழும்பி எழும்பிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. நோரீன் அதைத் திரும்பிப் பார்க்காமலே ஒதுக்கினாள்.

"நீங்களாவது சொல்லுங்க தெல்மா. அந்தக் கொட்டகையை இடிச்சாதான் இந்த மனுஷன் பிழைப்பான். எங்க பொண்ணு டாராவுக்குக் குழந்தை பொறந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. ஈயம் இருக்கிற வீட்டுக்குப் பச்சைப் பிள்ளையைத் தூக்கிட்டு வர மாட்டேன்னுட்டா. அவ சொல்றதுலயும் தப்பு இல்லையே?"

"தப்பில்லை," என்றாள் தெல்மா. "ஆல்டன், நீ மட்டும் சாப்பிடுறது, நீ மட்டும் குடிக்கிறது, இந்த வீட்டுல ஏதாவது இருக்கா?"

"வினிகர்தான். மூட்டுவலிக்கு. காலையில தேனோட ரெண்டு கரண்டி." அலமாரிமேல் நின்ற பழுப்பு மண்ஜாடியை முகவாயால் காட்டினான். "டுவெய்ன் தன் ஆப்பிளைப் புளிக்கவச்சுக் குடுக்கிறது. இந்த வருஷம் நல்லா வந்திருக்கு. தொண்டையை அறுக்கல. இனிப்பாவே இருக்கு, தேன்கூட வேண்டியதில்லை."

தெல்மா ஜாடியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "நோரீன், நீ ஊறுகாய்க்கும் இதைத்தானே ஊத்துவ?" என்றாள்.

"முன்னெல்லாம் ஊத்துவேன். இப்ப கடையில வாங்குறேன்." தொட்டியருகே கண்ணாடிப் புட்டி ஒன்று பாதி காலியாக நின்றது.

தெல்மா ஜாடியை இறக்கிச் சாய்த்தாள். அடியில் ஏதோ உரசிக்கொண்டு நகர்ந்தது. "இதை எடுத்துட்டுப் போறேன். நாளைக்கு மத்தியானம் வர்றேன். டுவெய்னையும் வரச் சொல்லு. ஆல்டன், அதுவரைக்கும் வினிகர் வேண்டாம்."

அன்று இரவு ஆல்டன் தூங்கினான். நியாயமாகப் பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. பக்கத்தில் நோரீன் புரண்டுகொண்டே இருந்தாள்.

மறுநாள் ஐவரும் நோரீனின் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தெல்மா ஒரு தட்டை நடுவில் வைத்தாள். தட்டில் உடைந்த ஜாடியின் கழுத்தும், வெள்ளைப் பொருக்குப் படிந்த ஒரு சின்னத் தகடும் கிடந்தன.

"உள்ள இருந்தது இதுதான். புளிப்புல ஈயம் கரையும். கரைஞ்சா இனிக்கும். இத்தனை மாசமா ஆல்டன் குடிச்சது இந்த இனிப்பைத்தான்."

கோர்டியால் அடக்க முடியவில்லை. "பொருக்கைச் சுரண்டி நகத்தால கீறிப் பாத்தோம், அண்ணியும் நானும். வெண்ணெய் மாதிரி கோடு விழுந்துச்சு. சுத்த ஈயம்! ஆல்டன் கொட்டகையில அது கிடையாது. ஊருக்குள்ள யார் வீட்டுல கிடக்கு? வினிகர் யார் வீட்டுலேருந்து வந்துச்சு? சொல்லு டுவெய்ன், குறிபார்க்கிற போட்டியில ஆல்டன் உன்னை ஜெயிச்சுக்கிட்டே இருக்கானேன்னு..."

டுவெய்ன் எழுந்தபோது நாற்காலி பின்னால் விழுந்தது. "வாயைக் கிழிச்சிடுவேன்டா கோர்டி! முப்பது வருஷமா இவன்கூட ஒரே கூடாரத்துல படுத்தவன் நான்!"

"உக்காரு டுவெய்ன்," என்றாள் தெல்மா. "நீ இல்லை. அதே பீப்பாய் வினிகரைத்தானே நீயும் குடிக்கிற?"

"எங்க வீட்டுல எல்லாரும்தான் குடிக்கிறோம்."

"அது இனிக்குதா?"

"இனிக்குறதா? வாயில வச்சா கண்ணுல தண்ணி வரும்."

"அப்ப கேடு பீப்பாயில இல்லை. இந்த வீட்டுக்கு வந்தப்புறம் ஜாடியில சேந்தது. உன் அச்சுல உருண்டைதான் வரும். இது வட்டத் தகடு. ஓரத்துல ரெண்டு துளை இருக்கு பாருங்க. துளை எதுக்கு? நூல் போறதுக்கு. திரைச்சீலை காத்துல பறக்காம இருக்க அடிமடிப்புக்குள்ள வச்சுத் தைக்கிற எடைவில்லை இது. இப்ப கடையில கிடைக்கிறதெல்லாம் இரும்பு. ஈயம் வேணும்னா பழைய திரையைத்தான் பிரிக்கணும்."

யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. ஆல்டன்தான் பார்த்தான். இடது திரை தொங்கியது. வலது திரை எழுந்து ஒரு முறை படபடத்து, தொட்டியின் விளிம்பில் விழுந்தது. அடிமடிப்பில் தையல் பிரித்த இடம் நீளமாகத் தெரிந்தது. தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அது.

"புளிப்புல ஈயம் கரையும்னு யார் சொன்னாங்க நோரீன்?" தெல்மாவின் குரல் உயரவில்லை.

"நர்ஸ்," என்றாள் நோரீன். மறுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. "டாராவுக்குச் சொன்னா, குழந்தை பொறந்தப்ப. பழைய பாத்திரத்துல புளிப்பு வைக்காதேன்னு. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்."

"எதுக்கு நோரீன்?" என்றான் டுவெய்ன். அவன் குரல்தான் உடைந்தது.

"ரத்தத்துல கொஞ்சம் ஏறினா டாக்டர் கொட்டகை வேண்டாம்பார். டாக்டர் சொன்னா கேப்பான்னு நெனச்சேன். கொட்டகை போயிட்டா டாரா பிள்ளையைத் தூக்கிட்டு வருவா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை." அவள் ஆல்டனைப் பார்த்தாள். "நீ கேக்கல. முகமூடி வாங்கின. காத்தாடி வாங்கின. நான் இன்னொரு வில்லையைப் போட்டேன்."

"கை விழுந்தப்புறமுமா?" தெல்மா கேட்டாள்.

"அன்னைக்கே ஜாடியைக் கவுத்துக் கொட்டிட்டேன். கழுவிப் புதுசா ஊத்தினேன். ஒரு வில்லை மட்டும் பொருக்கேறித் தடிச்சு, கழுத்து வழியா வராம உள்ள தங்கிடுச்சு. கம்பியெல்லாம் விட்டுப் பாத்தேன், வரல. ஒண்ணுதானே, ஒண்ணும் செய்யாதுன்னு விட்டுட்டேன்."

"ஜாடியையே தூக்கிப் போட்டிருக்கலாமே."

"அது ஆல்டனோட அம்மா ஜாடி. எங்கேன்னு கேட்டா என்ன சொல்றது?"

கேட்டிருக்க மாட்டேன் என்று ஆல்டனுக்குத் தோன்றியது. அந்த ஜாடி அம்மாவுடையது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தான். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டான். கோபம் இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தான். பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போடுவதைச் சுவருக்கு இப்பால் உட்கார்ந்து கேட்கிற மாதிரிதான் இருந்தது.

கோர்டி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வழியெல்லாம் அத்தனை உற்சாகமாக வந்தவன், "ஸாரி டுவெய்ன்," என்று மட்டும் சொன்னான். டுவெய்ன் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். ஆனால் உட்காரவில்லை.

"பூட்டிக் கிடக்கிறதைத் திறக்கத்தான் எனக்குத் தெரியும்," என்றாள் தெல்மா. "இதை மூடி மறைக்க எனக்குத் தெரியாது நோரீன். ஷெரீஃபுக்குத் தெரியணும். நான் சொல்றதை விட நீயே சொல்றது நல்லது. டாக்டருக்கும் இன்னைக்கே தெரியணும். எதனால வந்துச்சுன்னு தெரிஞ்சா அவரால வைத்தியம் பார்க்க முடியும்."

"கை திரும்ப வருமா?" நோரீன் கேட்டாள்.

"கொஞ்சம் வரலாம். எனக்குத் தெரியாது."

நோரீன் எழுந்து கேக் தட்டுகளை அடுக்கினாள். அடுப்பை அணைத்தாள். ஜன்னலைச் சாத்தப் போய்ச் சாத்தாமலே நின்றுவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டாள். "இப்பவே போயிடலாம். நாளைக்குன்னா எனக்குத் தைரியம் இருக்காது."

"நானும் வர்றேன்," என்றான் ஆல்டன்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். "நீ எதுக்குடா?" என்றான் டுவெய்ன். "உன்னை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். இவகூட ஒரே வண்டியில போவியா?"

எதற்கு என்று ஆல்டனுக்கும் சொல்லத் தெரியவில்லை. முப்பத்தாறு வருடமாக ஊருக்குள் போவதென்றால் இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் போனார்கள். வேறு மாதிரி போவது எப்படி என்று யோசிக்க இன்று அவனிடம் தெம்பில்லை.

வெளியே தரையெல்லாம் பனி. அவன் காலில் வெறும் காலுறைதான் இருந்தது. நோரீன் கதவோரம் கிடந்த பூட்ஸைக் கொண்டுவந்து அவன் முன்னால் மண்டியிட்டாள். செப்டம்பரிலிருந்து தினமும் செய்வதுதான். அவன் காலை நீட்டினான். நீட்டிய பிறகுதான் டுவெய்ன் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கவனித்தான். நோரீனின் உச்சி வகிட்டில் நரை முளைத்திருந்தது. அவள் கயிற்றை ஒவ்வொரு கொக்கியிலும் மாட்டி, இழுத்து, இரட்டை முடிச்சாகப் போட்டாள்.

"இறுக்கமா இருக்கா?" தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

ஆல்டன் குனிந்து தன் காலைப் பார்த்தான். அவளுடைய கை இன்னும் அதன்மேல்தான் இருந்தது.

"தெரியல," என்றான்.